மேட்டுத் தோட்டத்தின் மெனேஜர்

சனிக்கிழமை மாலை ஆறு இருபதுக்கு அத்தை வீட்டு வாசலில் ஒரு ஜோடிக் கறுப்புத் தோல் சப்பாத்து கிடந்தது. டியூஷன் முடிந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். காரை அப்புறம்தான் பார்த்தேன். எங்கள் தாமான் குடியிருப்பில் வாசலில் கிடக்கும் காலணியை வைத்தே உள்ளே இருப்பவர் யார் என்று சொல்லிவிடலாம். ரப்பர்ச் செருப்பு என்றால் அண்டைவீடு. இரும்பு முனை வைத்த பூட்ஸ் என்றால் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து நேராக வந்த ஆட்டக்காரர். தோல் சப்பாத்து என்றால் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர், அல்லது தேர்தலில் நிற்பவர். அது தேர்தல் காலம் அல்ல. அத்தை வீட்டுக்குப் பத்திரிகை வந்தால் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்திருக்கும்.

காரின் பின்கண்ணாடியில் ஒரு பச்சை ஸ்டிக்கர் இருந்தது. லோரி டயர், அதன் நடுவில் ஒரு பந்து. ஜெலாப்பாங் குழுவின் சின்னம். அதை அறியாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. போன ஆண்டு அரையிறுதியில் எங்களை வென்றவர்கள் அவர்கள்தான். கோல் கீப்பராக நின்ற என் அண்ணனின் முன்பல் ஒன்று அந்த ஆட்டத்தில் போனது.

எனக்கு அப்போது பத்து வயது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார். அப்பா சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, போட்டுக்கொள்ளாமலே, தெருமுனையில் ரொட்டியும் டீயும் விற்கும் ஒட்டுக்கடைக்குப் போனார். அந்தக் கடையில் அடுப்பு மூட்டிய சூடு ஏறுவதற்குள் சுங்கை சிப்புட் நகருக்கு வெளியே இருந்த எங்கள் தாமான் முழுவதற்கும் செய்தி தெரிந்துவிட்டது. ஜெலாப்பாங்காரன் நம் மெனேஜரைத் தூக்கப் பார்க்கிறான்.

நம் மெனேஜர் என்பது என் அத்தை.

மேட்டுத் தோட்டம் என்பது ரப்பர் கம்பெனி வைத்த பெயர் அல்ல. கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாததால் எங்கள் ஆட்கள் வைத்துக்கொண்ட பெயர். நான் பிறப்பதற்கு முன்பே ரப்பர் மரங்களை வெட்டி, மேட்டைச் சமமாக்கி, வீடு கட்டிவிட்டார்கள். மேடும் இல்லை, தோட்டமும் இல்லை. மேட்டுத் தோட்டம் கால்பந்துக் குழு மட்டும் இருந்தது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் கமுந்திங்கில் கையுறை செய்தார்கள், ஜெலாப்பாங்கில் போர்க்லிப்ட் ஓட்டினார்கள். சனிக்கிழமை மாலை மஞ்சள் ஜெர்சியைப் போட்டதும் மறுபடியும் தோட்டத்து ஆட்கள் ஆனார்கள்.

முதலில் மெனேஜராக இருந்தவர் மாமா, அத்தையின் கணவர். அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது ஜெர்சிப் பையும் பந்துகளும் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டன. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனும் அங்கேதான் நின்றது. அதை ஓட்டுவது அத்தை. ஆகவே வேறு ஆள் கிடைக்கும்வரை அத்தை பார்த்துக்கொள்ளட்டும் என்று கூட்டத்தில் முடிவு செய்தார்கள். வேறு ஆளை யாரும் தேடவில்லை.

மெனேஜர் என்றால் கோட்டுப் போட்டுக்கொண்டு திடலோரம் நின்று கத்துபவர் என்று தொலைக்காட்சியைப் பார்த்து நினைப்பவர்கள் உண்டு. எங்கள் குழுவில் மெனேஜரின் வேலை ஷிப்டு. ஆட்டக்காரர்களில் சிலருக்குக் காலை, சிலருக்குப் பகல், சிலருக்கு இரவு. அதுவும் வாரத்துக்கு வாரம் மாறும். சனிக்கிழமை நான்கு மணிக்குப் பதினொரு பேரை ஒரே திடலில் நிறுத்துவதுதான் ஆட்டத்தின் கடினமான பகுதி. அதற்குப் பிறகு வருவது வெறும் பந்து. அத்தை புதன்கிழமைவாக்கில் சூப்பர்வைசர்களைக் கைபேசியில் அழைக்கத் தொடங்குவார். தமிழிலும் மலாயிலும், தேவைப்பட்டால் சந்தையில் பழகிய கண்டனீஸ் சீனத்திலும் பேசுவார். பந்தைப் பற்றிய பேச்சே இருக்காது. ஒருவரின் மனைவிக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது, இன்னொருவரின் மகன் எந்தப் பள்ளியில் சேர்ந்தான் என்று போகும். கைபேசியை வைக்கும் முன்தான், அந்தப் பையனைச் சனிக்கிழமை கொஞ்சம் காலைக்கு மாற்றிவிடுங்கள் போஸ் என்பார்.

ஆட்டத்தைப் பற்றியும் அத்தைக்கு ஒரு வழி இருந்தது. இடைவேளையில் அவர் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேசமாட்டார். "அந்த லெப்ட் பேக் கண்ணப் பாரு, நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்திருக்கான். அந்தப் பக்கமே போங்க." இவ்வளவுதான். அவர்கள் அந்தப் பக்கமே போவார்கள்.

அன்று மாலை ஒட்டுக்கடையில் வேறு பேச்சு இல்லை. அக்கா போனால் வேனும் போய்விடும் என்று ஒருவர் கவலைப்பட்டார். வேன் போனால் பரவாயில்லை, இரவு ஷிப்டு முடிந்து தூங்குகிறவர்களை யார் போய் எழுப்புவது என்று இன்னொருவர் கேட்டார். ஒட்டுக்கடை நடத்திய அண்ணன், ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே, பொம்பளைக்கு எதற்கு பந்து என்று முதல் வருடம் சொன்னது யார் என்று நினைவூட்டினார்.

"அது மொத வருசம் லா மச்சான்," என்றார் சொன்னவர்.

கவலை எவ்வளவு இருந்ததோ அதே அளவுக்குப் பெருமையும் இருந்தது. இரண்டும் ஒரே வாயிலிருந்து மாறி மாறி வந்தன. ஜெலாப்பாங்குக்கு லோரிக் கம்பெனி முதலாளி துணை இருந்தார். சொந்த பஸ் இருந்தது. கூரை போட்ட உட்காரும் மேடை இருந்தது. அப்படிப்பட்டவர்கள் நம் தெருவுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நம் ஆளின் வீட்டில் நெஸ்காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்காமல் போவார்களா, அவள் அப்படிப்பட்ட மெனேஜர் என்றார் அப்பா. பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அத்தை ரொட்டி வாங்க வந்தார். ஒட்டுக்கடையில் இருந்த அத்தனை பேரும் மழை வருமா என்பதைப் பற்றிப் பேசினார்கள். அத்தை ரொட்டியை வாங்கிக்கொண்டு போன பிறகு மீண்டும் அத்தையைப் பற்றிப் பேசினார்கள்.

அன்று மாலை அப்பா சிங்கப்பூருக்கு அழைத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசைமேல் வைத்தார். மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும், போகக்கூடாது என்று சொன்னால் போதும் என்றார்.

"மெனேஜர் அவதான் மச்சான். என்னைய ஏன் கேக்கிறீங்க?" என்றார் மாமா. பிறகு சனிக்கிழமை ஆட்டம் என்ன ஆனது என்று விசாரித்தார். லைன் சரியில்லை என்று அப்பா எங்களிடம் சொன்னார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மாமா சொன்னது காகிதத்தின்படி சரியல்ல. லீக்கில் பதிந்திருந்த பெயர் மாமாவுடையதுதான். அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போன ஆண்டு மூன்றாம் இடத்துக்குக் கோப்பை கொடுத்தபோது ஒலிபெருக்கியில் மாமாவின் பெயரை அழைத்தார்கள். சிங்கப்பூரில் இருந்த மாமாவுக்குப் பதிலாக அப்பா போய் வாங்கிவந்தார். அத்தை அப்போது திடலுக்குப் பின்னால் வேனைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார். மூன்று ஆட்டக்காரர்கள் கமுந்திங்கில் இரவு ஷிப்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்பா கோப்பையோடு நிற்கும் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருந்தது. நல்ல படம். அதில் ஏதாவது குறை இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

முனியாண்டியிடம் கேட்டுவிடலாம் என்ற யோசனை ஒட்டுக்கடை அண்ணனுடையது. திடலின் கோடியில், தோட்டம் இருந்த காலத்து அரசமரம் ஒன்று மிச்சமிருந்தது. அதன் கீழே தகரக் கூரை போட்ட முனியாண்டி கோயில். வெள்ளிக்கிழமைகளில் ஒட்டுக்கடையை அடைத்துவிட்டு அந்த அண்ணனே பூசை செய்வார். முக்கியமான முடிவு எதுவானாலும் அங்கே பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். வாழையிலைத் துண்டு ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒன்றுபோல மடித்துக் கட்டி சாமி காலடியில் வைப்பார்கள். வயதுக்கு வராத ஒரு பெண்பிள்ளை வந்து ஒன்றை எடுக்கும். எந்தப் பெண்ணைக் கட்டுவது, எந்த வேலைக்குப் போவது, எந்த லோட்டில், எந்த மனையில் வீடு எடுப்பது எல்லாம் அப்படி முடிவானவைதான். பந்து விஷயத்தை அதுவரை யாரும் முனியாண்டியிடம் கொண்டுபோனதில்லை.

வெள்ளை என்றால் அத்தை இருப்பார். சிவப்பு என்றால் போவார். அத்தையிடம் இதைச் சொல்ல அப்பா போனார். பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்த அத்தை, சரி, கேளுங்கள் என்று மட்டும் சொன்னாராம். தோல் சப்பாத்தில் வந்த ஜெலாப்பாங் செயலாளரும் ஒப்புக்கொண்டார். அவரும் முனியாண்டியைக் கும்பிடுகிறவர்தான். அவர்கள் பக்கத்திலும் ஒரு முனியாண்டி இருக்கிறார். ஆனால் இந்த ஆட்டம் எங்கள் திடலில், எங்கள் முனியாண்டி முன்னால் நடக்கிறது என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

பூவை எடுக்கும் பிள்ளை நான்தான். வெள்ளிக்கிழமை மாலை அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றி, தீபாவளிப் பாவாடையைக் கட்டிவிட்டார். கோயிலுக்கு முன்னால் ஊரே நின்றது. தோல் சப்பாத்து கோயில் எல்லைக்கு வெளியே, செருப்புக் குவியலிலிருந்து சற்றுத் தள்ளித் தனியாக இருந்தது. அத்தை கூட்டத்தின் பின்னால் வேன் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். ஒட்டுக்கடை அண்ணன் கற்பூரம் காட்டினார். அத்தை போய்விட்டால் அது என் கையால் நடந்ததாக ஆகிவிடும் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இடதுபக்கப் பொட்டலத்தை எடுத்தேன்.

ஒட்டுக்கடை அண்ணன் பிரித்துக் காட்டினார். வெள்ளை நந்தியாவட்டை.

யாரோ மணியை அடித்தார்கள். என் அண்ணன் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அத்தனை உயரத்திலிருந்து பார்த்தபோது ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. என் கை நல்ல கை என்று கிழவர்கள்கூடச் சொன்னார்கள். அவ்வளவு பெருமையாக நான் அதற்குமுன் எங்கும் உட்கார்ந்ததில்லை.

"இன்னொன்னையும் பிரிங்கண்ணே," என்றார் அத்தை.

கூட்டம் வழிவிட்டது. அது வழக்கமில்லை தங்கச்சி என்றார் ஒட்டுக்கடை அண்ணன். எங்கள் வீட்டு லோட்டுக்குப் பூக்கேட்டபோது இரண்டையும்தான் பிரித்தீர்கள் என்றார் அத்தை. அப்பா அரசமரத்தின் உச்சியைப் பார்க்கத் தொடங்கினார். அத்தை முன்னால் வந்து, முனியாண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மீதமிருந்த பொட்டலத்தைத் தானே எடுத்து நாரை அவிழ்த்தார்.

அதிலும் வெள்ளை நந்தியாவட்டை.

எங்கள் ஊர் ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெனால்டி அடிக்கும்போது பார்க்கமாட்டார்கள். அடிப்பது எங்கள் ஆளானாலும் எதிராளியானாலும் மொத்தப் பேரும் திடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார்கள். சத்தத்தை வைத்துத்தான் முடிவைத் தெரிந்துகொள்வார்கள். அத்தை அதைத்தான் சொன்னார்.

"பெனால்டிக்கே திரும்பிக்கிற ஆளுங்க. இன்னிக்கு இந்தப் பிள்ள பூவெடுக்குது, ஒருத்தர் விடாம நேரா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. அப்பவே தெரிஞ்சிருச்சி லா."

ஜெலாப்பாங் செயலாளருக்கு இருமல் வந்தது. நன்றாகவே இருமினார். பிறகு வேறு சிலருக்கும் வந்தது. கடைசியில் ஒட்டுக்கடை அண்ணனே சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அவர கேட்டீங்க, சாமிய கேட்டீங்க. என்னைய யாருண்ணே கேட்டா?" என்றார் அத்தை. குரலில் கோபம் இல்லை. வேனில் ஏற நேரமாகிவிட்டது என்று ஆட்டக்காரர்களிடம் சொல்லும் அதே குரல்.

நீ போகமாட்டாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை என்றார் அப்பா. தெரிந்தால் எதற்குப் பூவை மாற்றினீர்கள் என்று அத்தை கேட்கவில்லை. "போறேண்ணே," என்றார்.

"என்னா கொற வச்சோம் தங்கச்சி?"

"ஒரு கொறையும் இல்ல. அங்க எம்பேரு போடுறாங்க."

அப்பா ஏன் அத்தோடு பேச்சை நிறுத்தினார் என்று எனக்கு விளங்கவில்லை. பெயரை எங்கே போடுகிறார்கள், ஜெர்சியின் முதுகிலா என்று அண்ணனின் தோளில் உட்கார்ந்தபடி யோசித்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் எனக்கு இருந்தது. ஒரு பொட்டலத்துக்கு இரண்டு பொட்டலமாக முனியாண்டி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் அத்தை போகிறாரே. அத்தை இரண்டு பூவையும் எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு, கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு, வேனுக்குப் போனார். பல வாரங்கள் நான் அந்த வேனின் டயர்களைக் கவனித்து வந்தேன். ஒன்றுகூடப் பஞ்சர் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்சிப் பை எங்கள் வீட்டுக்கு வந்தது. துவைத்து, மடித்து, எண் வரிசையில் அடுக்கியிருந்தது. பந்துகளுக்குக் காற்றும் அடித்திருந்தது. புதிய மெனேஜர் அப்பா.

அத்தை எங்கும் போய்விடவில்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி அதே வீட்டில்தான் இருந்தார். அதே வேனில்தான் நாங்கள் பள்ளிக்குப் போனோம். ஆனால் வேனின் பின்கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. அதைச் சுரண்டவேண்டும் என்று பேசியவர்கள் இருந்தார்கள். சுரண்டியவர் யாரும் இல்லை. ஒட்டுக்கடைக்கு அத்தை வந்தபோது, ஜெலாப்பாங்காரர்களுக்குச் சீனி கிடையாது என்று சொல்லி கடை அண்ணன் டீயை நீட்டினார்.

"மூணாவது எடத்துக்காரங்ககிட்ட சீனி ஏது," என்று சொல்லி அத்தை வாங்கிக்கொண்டார். அன்று முழுவதும் அந்தப் பதிலை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்தார்கள். எதிரணி மெனேஜர் எங்களைக் கேலி செய்ததை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லும் ஊரை நான் பிறகு பார்த்ததில்லை.

அப்பாவின் முதல் ஆட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அண்ணனுக்குப் பகல் ஷிப்டு விழுந்திருந்தது. இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார். கோலில் ஒரு பின்கள ஆட்டக்காரர் நின்றார். அந்த ஆட்டத்தின் முடிவை எழுதுவதில் பயனில்லை. சூப்பர்வைசர்களிடம் அப்பா எடுத்த எடுப்பிலேயே பந்தைப் பற்றிப் பேசினார். அவர்கள் எடுத்த எடுப்பிலேயே கைபேசியை வைத்தார்கள். முதலில் பிள்ளைகளை விசாரிக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்த பிறகு ஆள் சேரத் தொடங்கியது. அத்தை பழக்கிவிட்ட கால்கள் அத்தை சொல்லாமலே பந்தை எங்கே தள்ள வேண்டும் என்று அறிந்திருந்தன. பாதி ஆட்டங்கள் பெனால்டிவரை போனதில் எங்கள் ரசிகர்கள் திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றிருந்தாலும், அந்த ஆண்டு நாங்கள் இறுதியாட்டத்துக்குப் போனோம்.

எதிரில் ஜெலாப்பாங்.

இறுதியாட்டம் ஈப்போவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அந்த வாரம் கமுந்திங் தொழிற்சாலைக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. ஞாயிறும் வேலை. அண்ணனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் ஞாயிறு பகல் ஷிப்டு போட்டுவிட்டார்கள். அப்பா சூப்பர்வைசரை அழைத்து, மனைவி, பிள்ளை, மாமியார் என்று ஒருவரையும் விடாமல் விசாரித்தார். முடியாது என்று பதில் வந்தது. மூன்று பேர் இல்லாமல், அதிலும் கோல் கீப்பர் இல்லாமல், ஜெலாப்பாங்கை எப்படிச் சந்திப்பது என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

வியாழக்கிழமை அண்ணன் வேலை முடிந்து வந்து, மூன்று பேரின் ஷிப்டையும் மாற்றிவிட்டார்கள் என்றான். இரண்டு பேருக்குக் காலை, ஒருவருக்குச் சனி இரவு. உங்கள் மெனேஜர் அழைத்தார் என்று சூப்பர்வைசர் சொன்னாராம்.

"நான் கூப்பிட்டப்ப முடியாதுன்னானே," என்றார் அப்பா.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. "அந்த ஆளுக்கு மெனேஜர்னா ஒருத்தரத்தான் தெரியும்," என்றார்.

அப்பா உடனே கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். அத்தை வாசலில் உட்கார்ந்து பச்சை ஜெர்சிகளுக்கு எண் தைத்துக்கொண்டிருந்தார். அப்பா நின்றபடியே, ஏன் இப்படிச் செய்தாய், உன் முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன் என்றார் அத்தை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எட்டுப் பேர ஜெயிச்சிட்டு எந்த மூஞ்சியோட ரொட்டி வாங்க வாரது? தோட்டத்த ஜெயிச்சா முழுத் தோட்டத்த ஜெயிக்கணும்ணே."

"ஜெயிப்பேன்னு யாரு சொன்னா?" என்றார் அப்பா. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மூன்று பேர் அவரை நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்டார்கள். மூவரிடமும் அத்தை சொன்னதை அப்படியே, அத்தையின் குரலிலேயே சொல்லிக்காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் பதினொரு பேரும் நின்றார்கள். எதிர்ப்பக்கம் கூரைக்குக் கீழே அத்தை பச்சைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். அந்த நிறம் அவருக்கு நன்றாக இருந்தது என்று அம்மா சொன்னார். பிறகு யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஒரு பெனால்டியையும் அண்ணன் தடுத்தான். எங்கள் ஆட்கள் திரும்பி நின்றதால் அதைப் பார்த்தது நானும் அம்மாவும் மட்டுமே.

இடைவேளையில் அத்தை எழுந்தார். அவருடைய ஆட்டக்காரர்களிடம் என்னவோ சொன்னார். நீண்ட நேரம் ஆகவில்லை. அவர்கள் அத்தனை பேரும் திரும்பி எங்கள் ரைட் பேக்கைப் பார்த்தார்கள். சனி இரவு ஷிப்டு முடித்து அன்று காலையில்தான் கமுந்திங்கிலிருந்து வந்தவர் அவர்.

"பாத்துக்கிட்டே இரு, அந்தப் பக்கந்தான் வருவாங்க. சொல்லிட்டாங்க," என்றார் ஒட்டுக்கடை அண்ணன். அவர் முகத்தில் இருந்தது கவலையா பெருமையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அந்தப் பக்கம்தான் வந்தார்கள். இரண்டு முறை வந்தார்கள். இரண்டும் கோல்.

ஆட்டம் முடிந்ததும் நான் அழுதேன். என்னைச் சுற்றி இருந்தவர்கள் அழவில்லை. தோற்றவர்கள் பேசுவதுபோலவும் அவர்கள் பேசவில்லை. பார்த்தாயா, ரெண்டே வார்த்தை, மொத்த ஆட்டமும் மாறிப்போச்சு என்றார்கள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு மலாய்க்காரரிடம் ஒட்டுக்கடை அண்ணன் அத்தையைக் கைகாட்டி, அது எங்கள் தோட்டத்து ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோற்ற நாளில் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நான் எரிச்சலோடு பார்த்தேன்.

பரிசளிப்பு தொடங்கியது. இரண்டாம் இடத்துக்கு எங்களை அழைத்தார்கள். ஒலிபெருக்கியில் மறுபடியும் மாமாவின் பெயரையே சொன்னார்கள். அப்பா போய் வாங்கிவந்தார். வழக்கமாகக் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுபவர், அன்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். வேனைத் திருப்ப யாரும் போகவில்லை. எல்லாரும் நின்றார்கள்.

அடுத்து மலாயில் ஏதோ அறிவித்தார்கள். ஜெலாப்பாங் பக்கத்துக் கூச்சலில் முன்பகுதி காதில் விழவில்லை. கடைசியில் நான் அதுவரை கேட்டிராத ஒரு பெண்ணின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுதாகச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள்தான் முதலில் கைதட்டினார்கள். ஒட்டுக்கடை அண்ணன் விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அம்மா எழுந்து நின்றார். அப்பா கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார்.

அது யார் என்று நான் அப்பாவிடம் கேட்டேன்.